வெக்காளி ஏன் வெட்டவெளியில் இருக்கிறாள்?

2024 ஜூலை 30. பொழுது விடியும் முன்பே வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களின் மேல் மலை சரிந்தது. தூக்கத்தில் இருந்தவர்களை வீட்டோடு மண் மூடியது. அதே நாளில்தான் மேட்டூர் அணை தன் முழு உயரமான 120 அடியைத் தொட்டது. இரண்டையும் செய்தது ஒரே தென்மேற்குப் பருவமழை. சரிந்த மண்ணையும் மனிதர்களையும் சாலியாறு மேற்கே நிலம்பூர் வரை இழுத்துப் போனது. அதே வயநாட்டில் பிறக்கும் கபினி கிழக்கே திரும்பி, கர்நாடகத்தில் காவிரியோடு கலந்து, மேட்டூரை நிரப்பித் திருச்சிக்கு வந்தது.

நான்காம் நாள் ஆடிப்பெருக்கு. காப்பரிசி, காதோலை கருகமணி, புது மஞ்சள் கயிறு என்று காவிரிக்கரை ஊர்கள் எல்லாம் ஆற்றைத் தாயாக நினைத்துக் கும்பிடும் நாள். ஆடியில் ஸ்ரீரங்கத்து நம்பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, யானை மேல் சீர் வரவழைத்துக் காவிரிக்குக் கொடுப்பார். வறண்டு கிடந்த மணலில் தண்ணீர் புரண்டு வருவதைப் பார்த்து ஒரு ஊர் மகிழ்வதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஆண்டு அந்த நீர் எந்த மலையிலிருந்து வந்தது என்பது தொலைக்காட்சி பார்த்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த வாரமே கொள்ளிடத்தில் ஓர் உயர்மின் கோபுரம் வெள்ளத்தில் சாய்ந்து விழுந்தது. தாய் என்று கும்பிடப்படும் ஆறு, கரையில் குடியிருப்பவர்களுக்கு அடுத்த நாளே வேறு முகம் காட்டக்கூடும் என்பது ஸ்ரீரங்கத் தீவுக்குப் புதிதல்ல.

வீடு போனவருக்கு எதிரே நிற்கும்போது மனம் முதலில் ஒரு காரணம் தேடுகிறது. 'அவங்க விதி' என்று ஒருவர் சொல்வார். 'என்ன பாவம் பண்ணினாங்களோ' என்று இன்னொருவர். 'ஆத்தோரமா ஏன் வீடு கட்டணும்?' என்று மூன்றாமவர். மூன்றும் வேறு வேறு பேச்சாகத் தெரிந்தாலும் மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இழப்புக்கு ஒரு கணக்கு எழுதி, அதை இழந்தவர் பெயரிலேயே வரவு வைத்துவிடுகின்றன. கணக்கு முடிந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொறுப்பு இல்லை. வினைக்கோட்பாட்டை நம்புகிறவர்கள் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது: ஒருவருடைய துன்பம் அவர் வினையின் பயன் என்றால், அதைத் துடைக்கப் போகிறவர் யார், எந்த உரிமையில்?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டு மண்ணிலேயே ஒருமுறை பெரிய அளவில் வெடித்தது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரை நிலநடுக்கம் குலைத்தது. காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தென்னிந்தியாவில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, பீகாருக்கு உதவ வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கூடவே, இந்த அழிவு தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றும் சொன்னார். தாகூருக்கு அது தாங்கவில்லை. இயற்கையின் நிகழ்வுக்கு இயற்கையில்தான் காரணம் உண்டு, இப்படிப் பேசுவது ஏற்கெனவே மூடநம்பிக்கையில் கிடக்கும் மக்களை இன்னும் கீழே தள்ளும் என்று மறுத்து எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தன் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டு, தன் பதிலையும் எழுதினார்.

காந்தியின் நோக்கத்தைச் சந்தேகிக்க இடமில்லை. பாவம் என்று அவர் சுட்டியது இடிபாட்டில் கிடந்தவர்களின் பாவத்தை அல்ல, நாடு முழுக்கத் தீண்டாமையைக் கடைப்பிடித்த சாதி இந்துக்களின் பாவத்தை. ஆனாலும் இடிந்த வீடுகளில் ஒடுக்கப்பட்டவர்களின் குடிசைகளும் இருந்தன. யாரோ செய்த பாவத்துக்கு யாருடைய கூரை விழுகிறது என்ற கேள்விக்கு அந்த விளக்கத்தில் விடை இல்லை. இந்த ஒரு விஷயத்தில் தாகூர்தான் சரி.

ஆனால் இந்த வாதத்தைத் தமிழர்கள் 1934-க்கு வெகுகாலம் முன்பே கதைகளாகப் பேசிப் பார்த்திருக்கிறார்கள். சோழர்களின் இரண்டு பழைய தலைநகரங்களும் அழிந்துபோனதாகச் சொல்லப்படுகிறது. புகாரைக் கடல் கொண்டது. உறையூரை மண் மூடியது. மகனைத் தேடித் துயருற்ற அரசன் இந்திர விழாவை மறந்ததால் புகார் கடலில் மூழ்கியது என்கிறது மணிமேகலை. உறையூர்க் கதையிலும் தவறு அரண்மனையில்தான் தொடங்குகிறது.

அந்தக் கதை திருச்சியில் எல்லோருக்கும் தெரியும். சாரமா முனிவர் மலைக்கோட்டை இறைவனுக்காகச் செவ்வந்தி நந்தவனம் வைத்திருந்தார். பூவை ஒருவன் களவாகப் பறித்து அரசனுக்குக் கொடுத்து வந்தான். முனிவர் முறையிட்டும் அரசன் கண்டுகொள்ளவில்லை. இறைவன் கோபம்கொண்டு உறையூர் இருக்கும் மேற்குத் திசை நோக்கித் திரும்பினார். ஊர்மேல் மண்மாரி பொழிந்தது. இன்றும் அந்த இறைவனான தாயுமானவரின் சன்னதி மேற்கு பார்த்துத்தான் இருக்கிறது.

பூப் பறித்தவன் ஒருவன், கேட்காமல் விட்ட அரசன் ஒருவன். வீடிழந்ததோ மொத்த ஊர். புராணம் இந்த அநியாயத்தை மூடி மறைக்கவில்லை, அப்படியே நம் முன் வைக்கிறது. வீடிழந்த மக்கள் ஊர் எல்லையில் இருந்த வெக்காளியம்மனிடம் ஓடினார்கள். அவள் யார் பாவம், யார் புண்ணியம் என்று கேட்டதாகக் கதை சொல்லவில்லை. இறைவனிடம் மன்றாடி மண்மழையை நிறுத்தினாள். பிறகு ஒரு சபதம் எடுத்தாள்: என் பிள்ளைகள் எல்லோருக்கும் வீடு கிடைக்கும் வரை எனக்கும் கூரை வேண்டாம்.

உறையூர் வெக்காளியம்மன் கோயிலுக்குள் போகிறவர் முதலில் உணர்வது வெளிச்சத்தை. வழக்கமான கருவறை இருட்டும் எண்ணெய் வாசமும் இங்கே இல்லை. சுற்றிலும் மண்டபம் உண்டு; அம்மன் இருக்கும் இடத்துக்கு மேலே மட்டும் வானம். சித்திரை வெயில் நேரே அவள் மேல் விழும். ஐப்பசி மழையில் அவள் நனைவாள். எதிரே இருக்கும் சூலத்தில் மடித்த காகிதங்கள் கட்டியிருக்கும். குறைகளை மனுவாக எழுதி அம்மனிடம் கொடுப்பது இங்கே வழக்கம். வீடு கட்ட முடியவில்லை, கட்டிய வீடு பாதியில் நிற்கிறது, கடன் அடையவில்லை என்று வருகிறவர்கள் தம் வேண்டுதலை, கூரை இல்லாத ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

அந்தச் சபதத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, உங்களோடு நானும் நனைகிறேன் என்பது. இரண்டாவது, எல்லோருக்கும் வீடு கிடைக்கும் வரை என்பது. முதல் பகுதியைத்தான் பெரும்பாலும் சொல்லி உருகுகிறார்கள். இரண்டாவதுதான் கடினமானது. அது கெடு வைக்கிறது. அழுதது போதும், சோறு போட்டாயிற்று என்று எழுந்துபோக அது இடம் கொடுப்பதில்லை.

மலைக்கோட்டையின் மேலே இருப்பவருக்கோ இன்னொரு கதை உண்டு. இரத்தினாவதி என்ற பெண் பிரசவ வேதனையில் இருக்கிறாள். துணைக்கு வர வேண்டிய தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். சிவன் அந்தத் தாயின் உருவத்தில் வந்து, பிரசவம் பார்த்து, வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து சேரும் வரை கூடவே இருந்தார். தாயுமானவர் என்ற பெயர் அப்படி வந்தது. சுகப்பிரசவம் ஆனவர்கள் இன்றும் வாழைத்தார் கொண்டுவந்து படைக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் வெள்ளத்தை நிறுத்தவில்லை என்பது. கங்கையையே சடையில் தாங்கியவருக்குக் காவிரி பெரிதா? நிறுத்தியிருக்கலாம். கதையைக் கட்டிய திருச்சிக்காரர்கள் அதைக் கேட்கவில்லை. ஆறு பெருகத்தான் செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும். வெந்நீர் வைக்க, கையைப் பிடித்துக்கொள்ள, பிள்ளையை ஏந்த, தாய் வரும் வரை இருக்க ஓர் ஆள் வேண்டும் என்றுதான் கேட்டார்கள். ஊரையே மண்ணால் மூடியவர் என்று ஒரு கதை சொல்லும் அதே சிவனை இன்னொரு கதையில் மருத்துவச்சி ஆக்கியது அந்தத் தேவைதான்.

ஆற்றைக் கடந்து ஸ்ரீரங்கம் வந்தால் இதே விஷயம் தத்துவ விவாதமாக மாறுகிறது. அதற்கும் ஒரு பேரிடரின் பின்னணி உண்டு.

1323-ல் டெல்லியிலிருந்து உலூக் கானின் படை தெற்கே வந்தபோது ஸ்ரீரங்கம் சூறையாடப்பட்டது. முதிர்ந்த வயதில் பிள்ளை லோகாசாரியர் உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு ஒரு சிறு கூட்டத்தோடு தெற்கே புறப்பட்டார். மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்தது. வேதாந்த தேசிகர் பிணங்களுக்கு நடுவே பிணம்போல் கிடந்து இரவைக் கழித்து, சுதர்சன சூரியின் இரண்டு பிள்ளைகளையும் அவர் எழுதிய சுருதப்பிரகாசிகை ஏட்டையும் காப்பாற்றிக் கன்னட நாட்டுச் சத்தியகாலத்துக்குக் கொண்டுபோனார் என்கிறது குருபரம்பரை. அங்கிருந்துதான், அரங்கனோடு மீண்டும் அச்சமின்றி வாழ வேண்டும் என்று வேண்டி அபீதிஸ்தவம் பாடினார். பின்னாளில் வைணவத்தின் தென்கலைப் பிரிவு லோகாசாரியரையும் வடகலைப் பிரிவு தேசிகரையும் தம் ஆசாரியராகக் கொண்டன. கலைகளின் சண்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள், இரண்டு ஆசாரியர்களும் ஒரே நாளில் ஒரே வீட்டை இழந்த அகதிகள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இரு கலைகளுக்கும் இடையே பதினெட்டு வேறுபாடுகள் சொல்வார்கள். அவற்றில் ஒன்று இரக்கத்தைப் பற்றியது. கடவுளின் தயை என்பது என்ன? பிறர் படும் துன்பத்தைக் கண்டு தானும் துன்பப்படுவது என்றது தென்கலை. பிறர் துன்பத்தைத் துடைக்க வேண்டும் என்ற விருப்பமே தயை என்றது வடகலை. குறையொன்றும் இல்லாத இறைவனுக்குத் துன்பம் எப்படி வரும் என்பது அவர்கள் கேள்வி. துன்பத்தை உணராதவன் எதைத் துடைக்கப் போகிறான் என்பது எதிர்க்கேள்வி. இது வெறும் ஏட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. எரிந்த குடிசைக்கு முன்னால் போய் நிற்கும் ஒவ்வொருவரும் இந்த இரண்டு பேரில் ஒருவராகத்தான் நிற்கிறார்கள். ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுகிறார். இன்னொருவர் கண் கலங்காமல் தார்ப்பாய் எத்தனை, மூங்கில் எத்தனை என்று கணக்குப் போடுகிறார். முதலாமவரை அந்த ஆண்டு முழுக்க நினைவு வைத்திருப்பார்கள். இரண்டாமவர் போட்ட கூரையின் கீழ்தான் அந்த ஆண்டு முழுக்கத் தூங்குவார்கள்.

மனிதர்களைப் பொறுத்தவரை, இந்தப் பிரிவினைக்கு முன்பே ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த நஞ்சீயர் ஒரு சோதனை வைத்திருந்தார். மேல்கோட்டையிலிருந்து வந்து பராசர பட்டருக்குச் சீடரானவர் அவர். ஒருவன் வைணவனா இல்லையா என்பதை வேறு யாரும் சொல்லத் தேவையில்லை, அவனே தெரிந்துகொள்ளலாம் என்றார். அடுத்தவன் துன்பத்தைக் கண்டதும் மனம் 'ஐயோ' என்று பதறினால் அவன் வைணவன். 'படட்டும், அவனுக்கு வேண்டியதுதான்' என்று தோன்றினால் இல்லை. நெற்றியில் இட்ட நாமமோ கற்ற பிரபந்தமோ இந்தச் சோதனையில் கணக்குக்கு வரவில்லை. வினைக்கோட்பாட்டை முழுமையாக ஏற்ற ஒரு மரபின் ஆசாரியர் சொன்னது இது. வினை உண்டா என்று அவர் வாதாடவே இல்லை. அடுத்தவன் வினையைக் கணக்குப் பார்க்கும் வேலை உன்னுடையது அல்ல என்று அந்த இடத்தை அடைத்துவிட்டார்.

'ஐயோ' என்று பதறுவதில் இந்த ஊர்கள் ஒருபோதும் பின்வாங்கியதில்லை. 2004 சுனாமியன்று, கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்கு வடக்கே இருக்கும் பரங்கிப்பேட்டையில், கல்யாணத்துக்கு ஆக்கிய சோற்றை முஸ்லிம் ஜமாஅத்தார் அப்படியே தூக்கிக்கொண்டு போய் மீனவர் குடும்பங்களுக்குப் போட்டார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டாவைச் சாய்த்தபோது, பல மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள் தண்ணீர் நின்ற வயல்களில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். வயநாட்டுக்குத் தமிழ்நாடு அரசு 5 கோடி ரூபாய் கொடுத்தது. திண்டுக்கல்லில் ஓர் உணவகம் மொய்விருந்து வைத்து வந்த பணத்தை அனுப்பியது. மொய் என்றால் நோட்டில் எழுதி வைத்து, பிற்பாடு திருப்பிச் செய்ய வேண்டிய முறை. இந்த மொய்யை யாரும் திருப்பிச் செய்யப் போவதில்லை என்று தெரிந்தே இலையில் உட்கார்ந்தவர்கள் பணம் வைத்தார்கள். மதம், மொழி, மாநிலம் எதுவும் குறுக்கே வரவில்லை. மனித மனத்தின் மேல் நம்பிக்கை வைக்க இதைவிடச் சான்று தேவையில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு. 1977 நவம்பர் 12 காலை, நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயல் உள்நாட்டுக்குள் புகுந்து, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டையில் மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. அதோடு கொட்டிய மழையில் திருச்சி நகரம் வெள்ளக்காடானது. 560 பேர் இறந்தார்கள். சுமார் 10 லட்சம் பேர் வீடிழந்தார்கள். அடுத்த வாரமே, நவம்பர் 19 அன்று, ஆந்திரத்தின் திவிசீமையைக் கடல் ஏறி விழுங்கியது. அங்கே செத்தவர்கள் பல ஆயிரம் பேர். நாட்டின் கண் அந்தப் பக்கம் திரும்பியது. அதைத் தவறு என்று சொல்ல முடியாது; அங்கேதான் சாவு அதிகம். ஆனால் இங்கே வீடில்லாமல் இருந்த பத்து லட்சம் பேருக்கு அந்த ஒரு வாரத்தில் வீடு முளைத்துவிடவில்லை. இரக்கம் செய்தியின் வேகத்தில் நகர்கிறது. சுவர் எழும்ப மாதங்கள் ஆகின்றன. சாப்பாட்டுப் பொட்டலம் முதல் மூன்று நாள் மிஞ்சிப்போய் வீணாகும். முப்பதாம் நாள் அடுப்பு மூட்ட வழி இருக்காது. வெக்காளியின் கெடு இந்த முப்பதாம் நாளுக்குத்தான்.

அந்தக் கட்டத்தில் வீடிழந்தவருக்குச் சோறு, துணியை விட அதிகமாகத் தேவைப்படுவது சாட்சி. இதையும் ஸ்ரீரங்கத்தின் கதை ஒன்று சொல்கிறது. 1323-ல் ஊரை விட்டுப் போன மூர்த்தி மேல்கோட்டை, திருப்பதி என்று பல ஊர் அலைந்து, செஞ்சி கோபண்ணரின் முயற்சியால் 1371-ல் திரும்பியது. அதைச் சொல்லும் சுலோகம் இன்றும் கோயில் சுவரில் கல்வெட்டாக இருக்கிறது. நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து வந்தவரை ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதற்குள் வேறொரு மூர்த்தியை வைத்துப் பூசை நடந்துகொண்டிருந்தது. வந்தவர் பழைய பெருமாள்தானா? கண் தெரியாத ஒரு வயதான சலவைத் தொழிலாளியைக் கூட்டி வந்தார்கள். பழைய நாளில் பெருமாளின் திருமஞ்சன ஈர ஆடையைத் துவைத்தவர் அவர். இரண்டு மூர்த்திகளின் திருமஞ்சன நீரையும் வாங்கிப் பருகிப் பார்த்து, இவர்தான் நம் பெருமாள் என்றார். உற்சவருக்கு அந்தப் பெயரே நிலைத்தது என்பது கோயில் மரபு. பட்டரும் ஆசாரியரும் நிறைந்த ஊரில், கடவுள் தன் வீட்டுக்குள் நுழைய ஓர் ஏழைத் தொழிலாளியின் சாட்சி தேவைப்பட்டது.

வெள்ளத்திலோ தீயிலோ வீட்டை இழந்தவருக்கும் இதே நிலைமைதான். ரேஷன் அட்டை, ஆதார், பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், பட்டா எல்லாம் டிரங்குப் பெட்டியோடு போயிருக்கும். கணக்கெடுக்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, இங்கேதான் குடியிருந்தீர்களா என்பது. 2015-லும் 2023-லும் சென்னை வெள்ளத்துக்குப் பின், தொலைந்த ஆவணங்களைக் கட்டணமின்றித் திரும்பக் கொடுக்க அரசே சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. சேதமடைந்த குடிசைக்கான நிவாரணம் 2023 மிக்ஜாம் புயலின்போது 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆனது. 2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பின் 10,000 ஆனது. கீற்றும் கழியும் கூலியும் விற்கும் விலையில் அது பாதிக் கூரைக்குக் காணும். நிலையான வீட்டுக்கு வழி கலைஞரின் கனவு இல்லம் போன்ற திட்டங்கள்தான். 2030-க்குள் குடிசையில்லாத தமிழ்நாடு என்ற இலக்கோடு தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கிடைக்கும். ஆனால் சொந்த மனை வேண்டும்.

ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் புறம்போக்கில் இருப்பவர்கள் இங்கேதான் விழுந்துவிடுகிறார்கள். தண்ணீர் முதலில் நுழைவது அவர்கள் வீட்டில். பட்டா இல்லாததும் அவர்களிடம்தான். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரர், இத்தனை வருஷமாக இவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் வந்து சொல்லக்கூடிய ஒரு கடைக்காரர், மாற்று இடத்துக்காக மனு எழுதிக் கொடுக்கும் ஓர் ஆசிரியர் இவர்களுக்குத் தேவை. கோயில்களும் தேவாலயங்களும் ஜமாஅத்துகளும் முதல் வாரம் போட்ட சோற்றோடு இந்த வேலையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். திருச்சி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் குறைதீர் கூட்டம் நடக்கிறது. வெள்ளம் வடிந்து மாதங்கள் ஆன பிறகும் அங்கே மனுவோடு வரிசையில் நிற்கும் குடும்பத்தோடு இன்னொருவரும் நிற்க முடியும்; சாட்சிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த திங்களும் வருகிறேன் என்று சொல்ல முடியும்.